ஆளுக்கு ஒரு வெள்ளி: பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்ட கோ.சாரங்கபாணி

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்க வழி பிறக்க வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்த கதை, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுவதுண்டு. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. தங்கள் பிள்ளைகள் அங்குப் போய்ப் படிப்பார்கள் என்று நம்புவதற்கும் அன்று பெரிய காரணம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் கொடுத்தார்கள். அவர்களிடம் கேட்டவர் கோ.சாரங்கபாணி.

தமிழ் முரசு நாளிதழின் நிறுவனர், சீர்திருத்தவாதி, தமிழவேள் என்று அவரைப் பற்றிப் பேசப் பல தலைப்புகள் உண்டு. பொதுமக்களிடம் நிதி திரட்டியவர் என்ற கோணத்தில் அவரைப் பார்ப்பது குறைவு. 1950களின் நடுப்பகுதியில் அவர் நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி இயக்கம், அவர் வாழ்க்கையில் அதுவரை நடந்த பலவற்றை ஒன்றுசேர்த்த முயற்சி.

1903ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்த கோ.சா., 1924இல் தமது 21ஆம் வயதில் சிங்கப்பூருக்கு வந்தார். மார்க்கெட் ஸ்திரீட் வட்டாரத்தில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பின்னாளில் ஊர்ப்பணத்தைக் கையில் வாங்கப்போகிற ஒருவருக்கு அது மோசமான தொடக்கம் அல்ல.

1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். சுயமரியாதைக் கருத்துகளில் ஏற்கெனவே ஈடுபாடு கொண்டிருந்த இளைஞர்களுக்கு அந்தப் பயணம் பெரிய உந்துதலாக அமைந்தது. அவர்களில் கோ.சா.வும் ஒருவர். ‘முன்னேற்றம்’ வார இதழில் எழுதத் தொடங்கினார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதை நிறுவியவர்களுள் ஒருவராக இருந்தார். சாதி வேற்றுமை, மதுப்பழக்கம், சம்பாத்தியத்தை விழுங்கும் சடங்குச் செலவு ஆகியவற்றுக்கு எதிராகச் சங்கம் பேசியது. பேசினால் மட்டும் போதாது, ஒரு பத்திரிகை வேண்டும் என்ற எண்ணத்தில் 1935 ஜூலை 6ஆம் தேதி தமிழ் முரசு பிறந்தது. வார இதழாகத் தொடங்கிப் பின்னர் நாளிதழானது. அதை நடத்தும் பொறுப்பும் அதன் கடன் சுமையும் கோ.சா.வின் தோளுக்கு வந்து சேர்ந்தன.

பேசியதைத் தம் வீட்டிலும் செய்தவர் அவர். 1937இல் பெரனாக்கான் சீனக் குடும்பத்தைச் சேர்ந்த லிம் பூன் நியோவை மணந்தார். சாதி பார்த்துப் பெண் தேடுவதே வழக்கமாக இருந்த காலத்தில் தமிழ்ச் சமூகத் தலைவர் ஒருவர் இனம் கடந்து மணம் புரிந்தது எத்தனை வாய்களுக்கு அவலாகியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் முரசு நின்றது. போர் முடிந்ததும் மீண்டும் வந்தது. ஆங்கிலம் படித்த இந்தியர்களுக்காக ‘இந்தியன் டெய்லி மெயில்’ என்ற ஆங்கில நாளிதழையும் கோ.சா. நடத்தினார். ஒரே ஆள் இரண்டு மொழிகளில் இரண்டு நாளிதழ்கள் நடத்துவது அன்றும் இன்றும் லாபம் பார்க்கும் தொழில் அல்ல. ஆனால் அதனால் அவருக்கு ஒரு வசதி கிடைத்தது. தோட்டத்து லயத்தில் யாரோ ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கும் பத்திரிகையும், அரசாங்க அதிகாரியின் மேசைக்குப் போகும் பத்திரிகையும் அவர் கையிலேயே இருந்தன.

1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பெயர் மலாயா என்றாலும் இருந்தது சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில். ராஃபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் இணைந்து உருவான அந்தப் பல்கலைக்கழகம்தான் இரு நிலப்பகுதிகளுக்கும் பொதுவான உயர்கல்விக் கூடம். அங்கு இந்திய ஆய்வியல் துறை ஒன்றை அமைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அதன் வடிவம் பற்றி ஆலோசனை கூற வரலாற்றறிஞர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி அழைக்கப்பட்டார். சோழர் வரலாற்றை எழுதிப் பெயர் பெற்ற அவர், புதிய துறையில் சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரும்படி பரிந்துரைத்தார்.

அவருடைய பரிந்துரையைத் தமிழ் மீது கொண்ட பகை என்று சுருக்கிவிடுவது சரியாகாது. அந்நாளில் உலகப் பல்கலைக்கழகங்களில் இந்தியவியல் என்றாலே பெரும்பாலும் சமஸ்கிருதத்தைத்தான் முதலில் வைத்தார்கள். ஓர் ஆய்வாளராக அவர் அந்த மரபைப் பின்பற்றினார். கோ.சா. கேட்டது வேறு. மலாயாவில் வாழும் இந்தியர்களில் ஐந்தில் நால்வர் தமிழர். அவர்கள் பேசும், எழுதும், பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் மொழிக்கு இந்த மண்ணில் எழும் பல்கலைக்கழகத்தில் முதலிடம் இல்லையென்றால் அந்தத் துறை யாருக்காக என்பதே முரசு முன்வைத்த வாதத்தின் சாரம். சுயமரியாதை இயக்கத்தில் ஊறிய அவருக்கு வடமொழி முதன்மை பெறுவதில் இயல்பாகவே இருந்த எதிர்ப்பும் அதில் கலந்திருந்தது. ஆனால் அந்த வாதத்துக்கு அதைத் தாண்டிய பலமும் இருந்தது. பக்தர், பகுத்தறிவாளர், இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்று பிரிந்து கிடந்தவர்கள் தமிழ் என்ற ஒன்றில் சேர்ந்து நின்றார்கள்.

இந்த ஒற்றுமை ஒரே நாளில் வரவில்லை. 1952இல் கோ.சா. முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள் அதற்கு அடித்தளம் போட்டிருந்தது. பொங்கலையொட்டி, சமய வேறுபாடு பாராமல், எல்லாத் தமிழரும் கொண்டாடும் விழாவாக அது சிங்கப்பூரிலும் மலாயா ஊர்களிலும் பரவியது. ஊருக்கு ஊர் குழு அமைத்தார்கள், பேச்சுப் போட்டி வைத்தார்கள், நாடகம் போட்டார்கள். பின்னர் நிதிக்காகக் கேட்க வேண்டி வந்தபோது, கேட்பதற்கு ஆட்கள் அந்தந்த ஊரில் ஏற்கெனவே இருந்தார்கள். நிதி திரட்டுவோர் இன்றும் தவறவிடும் இடம் இது. பணத்தோடுதான் முதல் அறிமுகம் என்றால் கதவு திறப்பது கடினம்.

‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி, பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைப்பதையும் தமிழ்ப் படிப்புக்குத் துணைநிற்பதையும் நோக்கமாகக் கொண்டது. நூலகத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சாமர்த்தியம் தெரிகிறது. பேராசிரியர் சம்பளமும் கட்டடமும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஆனால் தமிழ் நூல்கள் கப்பலேறிக் கடல் கடந்து வர வேண்டியவை. அவற்றைச் சமூகமே வாங்கி வைத்துவிட்டால், தமிழ் கற்பிக்க வசதி இல்லை என்று சொல்ல இடமிருக்காது. கொடுத்தவர்களுக்கும் தங்கள் பணம் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

செல்வந்தர் சிலரைப் பார்த்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். செட்டியார்களும் வணிகப் பெருமக்களும் இருந்த ஊர்தான் இது. கோ.சா. ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார். ரப்பர்த் தோட்டத்தில் ஒருநாள் கூலியே ஒருசில வெள்ளிதான். அதில் ஒரு வெள்ளி எடுத்துக் கொடுப்பது சிறிய காரியமல்ல. ஆனால் கொடுக்க முடியாத தொகையும் அல்ல. தோட்டத்துக் கிராணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கடைக்காரர், துறைமுகத் தொழிலாளி, நகராட்சித் துப்புரவாளர், எல்லாருக்கும் ஒரே தொகை. கூலிக்காரர் தந்த வெள்ளியும் முதலாளி தந்த வெள்ளியும் பட்டியலில் ஒரே எடை.

அந்தக் காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1948 ஜூனில் தொடங்கிய அவசரகாலம் 1960 வரை நீடித்தது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் உதவியும் போய்ச் சேராதிருக்கத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் பல இடங்களில் ஒன்றுதிரட்டப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டன. ஊரடங்கு, அரிசிப் பங்கீடு, சோதனைச் சாவடி என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குள் நாலு பேர் கூடிப் பேசினாலே சந்தேகப்படும் சூழ்நிலையில்தான் பல்கலைக்கழகத்துக்கென்று நிதி கேட்கப்பட்டது.

தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் நிலையோ வேறு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். ஆனால் அந்தப் பள்ளிகளில் கிடைத்தது தொடக்கக் கல்வி மட்டுமே. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போக வேண்டும். பல்கலைக்கழக நுழைவும் ஆங்கிலக் கல்வியின் வழியாகத்தான். ஆகவே அந்த வெள்ளி தம் பிள்ளைக்குப் பயன்படாது என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியாததல்ல. கோ.சா.வை விமர்சிக்க ஒருவர் விரும்பினால் இந்த இடத்தில் கேட்கலாம்: முதலில் ஒழுகும் கூரையுள்ள தோட்டப் பள்ளிக்கல்லவா அந்தப் பணம் போயிருக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் மேலே செல்ல வழியே இல்லாத மொழியைக் கீழே கற்பிப்பது எத்தனை நாளைக்கு நடக்கும் என்பதும் அதே அளவு நியாயமான கேள்வி. தொடக்கப் பள்ளியோடு நின்றுபோகும் மொழி, நாளடைவில் லயத்துக்குள் மட்டும் புழங்கும் மொழியாகச் சுருங்கிவிடும். கோ.சா. அஞ்சியது அதற்குத்தான்.

அதே ஆண்டுகளில் சிங்கப்பூர்ச் சீனச் சமூகமும் ஒரு பெரும் நிதித் திரட்டில் இறங்கியிருந்தது. 1953இல் ரப்பர் வணிகர் டான் லார்க் சை, சீனமொழிப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவ 50 லட்சம் வெள்ளி தருவதாக அறிவித்தார். ஹொக்கியென் சங்கம் ஜூரோங்கில் 523 ஏக்கர் நிலம் கொடுத்தது. டிரைஷா ஓட்டுநர்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். 1956இல் நன்யாங் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கின. எளியவர்களின் காசு சேர்ந்து உயர்கல்வி உருவான இரு கதைகளும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் நடந்தவை. ஆனால் வழி வேறு. சீனச் சமூகம் தனக்கென ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டியது. தமிழர்களிடம் அதற்கான ஆள்பலமோ பணபலமோ இல்லை. 1957இல் மலாயாக் கூட்டரசில் இருந்த இந்தியர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர், அவர்களில் பெரும்பகுதியினர் கூலித் தொழிலாளர்கள். எனவே கோ.சா. பொதுப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இடம் கேட்டார். அதற்கான பங்கைச் சமூகம் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றது.

1956இல் இந்திய ஆய்வியல் துறை சிங்கப்பூரில் தொடங்கியது. தமிழ் அதன் முதன்மை மொழியாக இடம்பெற்றது.

துறை வந்துவிட்டால் மாணவர்கள் வேண்டுமே. அந்த வேலையையும் முரசு முன்கூட்டியே தொடங்கியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் மாணவர்களுக்கென்று ‘மாணவர் மணிமன்றம்’ பகுதி வெளிவந்தது. தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் பிள்ளைகள் கதையும் கட்டுரையும் எழுதி அனுப்பினார்கள். பிற்காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் அறியப்பட்ட பலருடைய பெயர் முதன்முதலில் அச்சேறியது அங்கேதான்.

குடியுரிமை விஷயத்திலும் இதே அவசரத்தை அவரிடம் காணலாம். ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்ற நினைப்பிலேயே வாழ்ந்த தமிழர்களை, இந்நாட்டுக் குடிமக்களாகப் பதிந்துகொள்ளும்படி முரசு மீண்டும் மீண்டும் வலியுறுத்தியது. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவி செய்ய ஏற்பாடுகள் நடந்தன. சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் இடம்பெற வேண்டும் என்ற கோரிக்கையிலும் அவருடைய குரல் முன்னால் இருந்தது. குடிமக்களாக இல்லாதவர்களின் மொழிக்கு எந்த அரசாங்கமும் இடம் தராது என்ற கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது.

பிறகு நடந்தது சிங்கப்பூர்த் தமிழர்களுக்குச் சற்றுக் கசப்பான பகுதி. மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரிலும் ஒரு பிரிவைத் தொடங்கியது. 1959இல் இந்திய ஆய்வியல் துறை அங்கு மாற்றப்பட்டது. 1962இல் கோலாலம்பூர்ப் பிரிவு மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயரையே எடுத்துக்கொண்டு தனியாக நின்றது, சிங்கப்பூர்ப் பிரிவு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமானது. மூன்றே ஆண்டுகள் புக்கிட் தீமாவில் இருந்த துறை ஜொகூர் நீரிணையைத் தாண்டிவிட்டது. தமிழர் தொகை அதிகம் இருந்தது அந்தப் பக்கம்தான், வெள்ளி கொடுத்த தோட்டங்களும் அங்கேதான் என்பதால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டும் ஒரே நாடாகவே இருக்கும் என்று நினைத்த தலைமுறையின் முயற்சி அது. 1965இல் எல்லைக்கோடு விழுந்தபோது துறை அந்தப் பக்கத்திலும் அதற்காக எழுதியவர் இந்தப் பக்கத்திலும் இருந்தார்கள்.

கோலாலம்பூரில் துறை வேரூன்றியது. 1961இல் தனிநாயகம் அடிகளார் அதன் தலைமையை ஏற்றார். முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் அங்கேதான் நடந்தது. தமிழகத்துக்கு வெளியே, தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நிறைந்த ஒரு நாட்டில் முதல் மாநாடு கூடியதற்குப் பின்னால் இந்தத் துறை இருந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித் தொகுத்து இராம சுப்பையா உருவாக்கிய ‘தமிழ் மலேசியானா’ என்ற பட்டியலை 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. இந்நாட்டுத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பலரும் அந்தப் பட்டியலைப் புரட்டாமல் தாண்டியதில்லை.

கோ.சா.வின் கடைசிப் பத்தாண்டுகள் எளிதாக இருக்கவில்லை. ‘இந்தியன் டெய்லி மெயில்’ ஏற்கெனவே நின்றிருந்தது. 1963இல் தமிழ் முரசில் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்து, பத்திரிகை ஏறத்தாழ ஓராண்டு வெளிவரவில்லை. தொழிலாளர்களின் வெள்ளியைக் கேட்டு வாங்கிய மனிதர், தம் அச்சுக்கூடத்துத் தொழிலாளர்களோடு முரண்பட்டு நின்றார். அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். கொள்கைக்காக ஓயாமல் கடன்பட்டு நடந்த பத்திரிகையில் அந்தக் கடனின் ஒரு பங்கு சம்பளப் பட்டியலிலும் விழுந்திருக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவர் பெயருக்கு ஒன்றும் பெருமை கூடிவிடாது. 1964இல் முரசு மீண்டும் வெளிவந்தது. வாசகர்களைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது.

1974 மார்ச் 16ஆம் தேதி சிங்கப்பூரில் கோ.சாரங்கபாணி காலமானார். அப்போது அவருக்கு வயது 70. அதன்பின் குடும்பத்தினர் நடத்திவந்த தமிழ் முரசு, 1995இல் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் அவர் நினைவாகத் தமிழவேள் விருது வழங்கிவருகிறது.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை இன்றும் கோலாலம்பூரில் இயங்குகிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், ஆய்வாளர்கள் எனப் பல தலைமுறைகள் அதன் வகுப்பறைகளைக் கடந்து வந்திருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து அங்குப் பட்டம் பெற்றவர்களும் அவர்களில் உண்டு.

சிங்கப்பூரில் தமிழ்மொழி, இலக்கியத்தில் ஒரு பட்டப்படிப்பு வருவதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு யூனிசிம் பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கான பல்கலைக்கழகமாக அப்போது அது இருந்தது. தமிழாசிரியர்கள் உள்ளிட்ட பெரியவர்கள் பகல் வேலையை முடித்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள்.